கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு? சித்தப்பாவின் பேஸ் கிடாருக்கு 7 மி.மீ. ஸ்பேனர் தேடிய கதை

கச்சேரி மேடையில் பேஸ் கிடார்காரரை யாரும் கவனிப்பதில்லை. பாடகரைப் பார்ப்போம், டிரம்ஸ் அடிப்பவரைப் பார்ப்போம், கீபோர்டுக்காரர் தலையாட்டுவதைக்கூடப் பார்ப்போம். ஓரமாக நின்று நான்கு தடித்த கம்பிகளை விரலால் மீட்டிக்கொண்டிருப்பவர் கண்ணிலேயே படமாட்டார். ஆனால், அவர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டால் பாட்டு இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும். இளையராஜா பாடல்களை ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய ஏராளமான பாடல்களில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்கள் பலவற்றில் கீத் பீட்டர்ஸ்.

எங்கள் மருங்காபுரி வட்டாரத்தில் அந்த ஓரத்து ஆள் என் சித்தப்பா.

திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் துவரங்குறிச்சி தெரிந்திருக்கும். அதை ஒட்டிய ஊர் எங்களுடையது. பழைய ஜமீன் ஊர். வானம் பார்த்த பூமி. அரசியல் ஆர்வம் உள்ளவர்களுக்கு வேறு ஒரு காரணத்துக்காக எங்கள் ஊர்ப் பெயர் நினைவிருக்கும். 1989 மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் மட்டும் தேர்தல் நடந்தது. ஒன்றுபட்ட அ.தி.மு.க இரட்டை இலைச் சின்னத்தோடு நின்று இரண்டு தொகுதிகளிலும் ஜெயித்தது. அந்தத் தேர்தலுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் வராத தலைவர் இல்லை, வராத பாட்டுக்குழு இல்லை என்பார்கள். அப்படி வந்த ஒரு குழுவின் மேடையில்தான் 14 வயதுச் சித்தப்பா முதன்முதலாக பேஸ் கிடாரைப் பார்த்திருக்கிறார். "சத்தம் காதுல கேக்கல பாப்பா, நெஞ்சுல கேட்டுச்சு" என்று இன்றைக்கும் சொல்வார்.

1997-ல் மதுரையில் ஒரு குழு கலைந்தபோது 4,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய பேஸ் கிடாரை வாங்கினார். பகலில் டூவீலர் மெக்கானிக், இரவில் கச்சேரி. மணப்பாறை, வளநாடு, புத்தாநத்தம், நத்தம் என்று வைகாசி, ஆடி, பங்குனி மாதங்களில் வீட்டிலேயே இருக்கமாட்டார். 2012 வாக்கில் அது நின்றது. கீபோர்டுக்காரரே இடது கையில் பேஸையும் சேர்த்து வாசித்துவிட்டால் ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்று குழுக்கள் கணக்குப் போட்டன. சித்தப்பாவும் விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் அவர் வெளியில் சொன்ன காரணம் வேறு. "கை போச்சு. கம்பிய அமுக்க முடியல. சுகர் வந்த கை."

விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு அவருக்கு உண்மையிலேயே இருந்தது. அதனால் நாங்கள் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

விற்க வந்தவனிடம் ஒரு கேள்வி

இந்த வருடம் அந்த கிடாரை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார். வீட்டில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவள் நான்தான் என்பதால், போட்டோ எடுத்து விளம்பரம் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சுவரில் ஆணியில் தொங்கிய கிடாரை இறக்கித் துடைத்தேன். தலைப்பகுதியில் இருந்த கம்பெனி பெயர் எப்போதோ அழிந்துபோயிருந்தது. எந்த நாட்டுத் தயாரிப்பு என்றுகூடத் தெரியவில்லை. '4 கம்பி பேஸ், நல்ல நிலை, விலை பேசலாம்' என்று போட்டேன்.

அன்று மாலையே திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் செய்தி அனுப்பினார். "அக்கா, ட்ரஸ் ராட் வேலை செய்யுதா? பக்கவாட்டுல இருந்து கழுத்தை ஒரு போட்டோ அனுப்புங்க."

சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "அப்புடின்னா?"

பதினைந்து வருடம் மேடையேறிய மனிதருக்கு அது தெரியாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்குக் கிடார் ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. கேசட்டைப் போட்டுப் போட்டுக் காதால் கற்றவர். கழுத்தின் உச்சியில், தலைப்பகுதியில், இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டு மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தகட்டை அவர் அத்தனை வருடமும் அலங்காரம் என்றே நினைத்திருந்தார். ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை எடுத்தோம். உள்ளே ஒரு குறுகலான பள்ளம். பள்ளத்தின் ஆழத்தில், தூசியும் பூச்சிக்கூடும் மூடிய ஒரு ஆறுமுக நட்டு.

கழுத்துக்குள் ஒரு முதுகெலும்பு

ட்ரஸ் ராட் என்பது கிடாரின் கழுத்து மரத்துக்குள் நீளவாக்கில் புதைக்கப்பட்ட இரும்புக் கம்பி. பேஸ் கிடாரின் நான்கு கம்பிகளையும் சுருதி சேர்த்து முறுக்கினால், அவை சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமான விசையில் கழுத்தை இழுக்கும். கிடாரின் கழுத்தில் எந்நேரமும் ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. மரம் எவ்வளவு காலம் தாங்கும்? மெல்ல மெல்ல வில் மாதிரி முன்பக்கம் வளையும். அந்த வளைவுக்கு எதிராக உள்ளே இருந்து இழுத்துப் பிடிப்பதுதான் இந்த இரும்புக் கம்பி. முனையில் உள்ள நட்டை வலப்பக்கம் திருகினால் இறுகிக் கழுத்து நிமிரும். இடப்பக்கம் திருகினால் தளர்ந்து வளைய விடும்.

திருகிச் சரிசெய்யக்கூடிய இந்த ஏற்பாட்டுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றவர் தாடியஸ் மெக்ஹூ. அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்தவர். மின்சார பேஸ் கிடாரைப் பெரிய அளவில் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். 1951-ல் வந்த அவருடைய 'பிரிசிஷன் பேஸ்' கிடாரில் கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ் கிடார்களுக்கு அதுதான் அளவு. சாதாரண கிடாரைவிட நீளமான கழுத்து, தடித்த கம்பி. அதனால் வளைவும் சீக்கிரம் வரும்.

கழுத்து முன்பக்கம் வளைந்தால் என்ன ஆகும்? நடுப்பகுதியில் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி கூடும். விரலால் அமுக்க வேண்டிய தூரமும் கூடும், பலமும் கூடும். வாசிப்பவருக்குக் கிடார் கனத்துவிட்டது என்று தோன்றாது. கை பலவீனமாகிவிட்டது என்றுதான் தோன்றும். ஏனென்றால் மாற்றம் ஒரே நாளில் வருவதில்லை. வருடக்கணக்கில் ஒரு முடி, ஒரு முடியாக வருகிறது.

இதைப் படித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு விளம்பரம் மறந்துபோனது. சித்தப்பாவின் 'கை போச்சு'வில் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு?

அளந்து பார்க்க ஒரு வழி இருந்தது. அதற்கான கருவி அவர் பட்டறையிலேயே இருந்தது.

டேப்பெட் பார்க்கும் தகடு

ஃபீலர் கேஜ் தெரியுமா? விசிறி மாதிரி விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் அச்சடித்திருக்கும். பைக் இன்ஜினில் டேப்பெட் இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்துவது. பேஸ் கிடாரின் கழுத்து வளைவைப் பார்க்கவும் அதே தகடுதான்.

முறை எளிது. சுருதி சேர்த்த கிடாரில், தடித்த கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போது அந்தக் கம்பி ஒரு நேர்கோட்டு அளவுகோல் ஆகிவிடுகிறது. எட்டாவது கட்டை அருகே கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். பேஸ் கிடாருக்கு 0.3 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. விசிட்டிங் கார்டு ஒன்றின் தடிமன்.

சித்தப்பா இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்க, நான் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தேன். 0.3 தாராளமாகப் போனது. 0.5 போனது. 0.8 போனது. இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து 1 மி.மீ. வந்தபோதுதான் உரசியது.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. இன்ஜினில் இந்த அளவுக்கு இடைவெளி இருந்தால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து, "இத்தன வருசமா இதோடயா மல்லுக்கட்டுனேன்" என்றார்.

எல்-என் கீ எங்கே, இஞ்ச் எங்கே?

நட்டைத் திருகினால் தீரும் என்று தெரிந்தது. எதை வைத்துத் திருகுவது? இருபத்தைந்து வருட மெக்கானிக் பட்டறை. 8, 10, 12, 14, 17 என்று ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், பாக்ஸ் என்று சுவர் முழுக்கத் தொங்குகிறது. ஒன்றுகூட அந்தப் பள்ளத்துக்குள் போகவில்லை.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. ட்ரஸ் ராட் நட்டுக்கு உலகப் பொது அளவு என்று எதுவும் கிடையாது. கிப்சன் கிடார்களில் 5/16 அங்குல நட்டு. ஐபனீஸ் மாடல்கள் பலவற்றில் 7 மி.மீ. நட்டு. ரிக்கன்பேக்கரில் ஒன்றுக்கு இரண்டு ராடு, 1/4 அங்குல நட்டு. பழைய ஃபெண்டர்களில் கழுத்தின் அடியில் பிளஸ் வடிவ வெட்டு. அதைத் திருகக் கழுத்தையே கழற்ற வேண்டியிருக்கும். எர்னி பால் மியூசிக் மேன் பேஸ்களில் ஓட்டை போட்ட சின்னச் சக்கரம் இருக்கும், ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தே திருப்பிவிடலாம். இன்னும் பல கிடார்களில் உட்பக்கம் ஆறுமுகக் குழி இருக்கும். அதற்கு எல்-என் கீ வேண்டும்.

இந்த எல்-என் கீ பெயரைப் பற்றி ஒரு சுவாரஸ்யம். எல் வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர் என்றுதான் நம் பட்டறைகளில் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது 'ஆலன் கீ'. 1910-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் இந்த வகை ஸ்க்ரூக்களைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய வில்லியம் ஆலனின் பெயர், நம் ஊர் வாயில் எல்-என் ஆகிவிட்டது.

அளவில் ஏமாந்தால் ஆபத்து அதிகம். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அந்தக் குழிக்குள் 5 மி.மீ. சாவி போகாது. 4.5 மி.மீ. சாவி போய்விடும், ஆனால் ஆடும். ஆடுகிற சாவியைப் பலமாகத் திருகினால் குழியின் முனைகள் மழுங்கி, உருண்டுவிடும். அதன் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. 1/8 அங்குலக் குழியில் 3 மி.மீ. சாவியைப் போட்டாலும் இதே கதிதான். பைக் நட்டு உருண்டால் வெட்டி எடுத்துவிட்டு வேறு போடலாம். இந்த நட்டு உருண்டால் கழுத்தையே மாற்ற வேண்டிவரலாம்.

எங்களுடையது குழி இல்லை, வெளிப்பக்க ஆறுமுக நட்டு. 8 மி.மீ. பாக்ஸா, 5/16-ஆ, 7-ஆ, 1/4-ஆ? நட்டு பள்ளத்தின் அடியில் கிடப்பதால் வெர்னியர் கருவியை வைத்து அளக்க முடியாது. திருச்சியில் இரண்டு இசைக்கருவிக் கடைகளில் விசாரித்தேன். "மாடல் சொல்லுங்க மேடம், ஆர்டர் போட்டுத் தர்றோம்" என்றார்கள். மாடல் பெயர்தானே அழிந்துபோனது!

ஸ்ரீரங்கத்தில் கிடைத்த மெழுகு

விடை வந்தது கிடாருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டிலிருந்து. என்னுடன் வேலை பார்க்கும் தோழியின் பாட்டி ஸ்ரீரங்கத்தில் வீணை கற்றுக்கொடுக்கிறார். வீணைக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. ரங்கநாதர் கோயிலில் நம்பெருமாளுக்கு வீணை ஏகாந்தம் என்ற சேவையே உண்டு. ஒரு சனிக்கிழமை தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது, பாட்டியின் வீணைக்கு மேளம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. அவற்றைத் தாங்குவது கறுப்பு மெழுகு. அந்த மெழுகில் ஒவ்வொரு மெட்டையும் பதித்து, சுரம் கேட்டுக் கேட்டு, நகர்த்தி, உயரம் பார்த்து நிறுத்துவதுதான் மேளம் கட்டுதல். வெயிலில் மெழுகு இளகும், நாளாக ஆக மெட்டு தேயும், அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும்.

நான் சித்தப்பாவின் கதையைச் சொன்னேன். பாட்டி சிரித்தார். "எந்த வாத்தியமா இருந்தா என்னம்மா? மரம் அது இஷ்டத்துக்குப் போகும். நாம பின்னாடியே போய்ச் சரி பண்ணிண்டே இருக்கணும். அதுக்கு அலுத்துண்டா வாத்தியம் வெச்சுக்கப்படாது."

தரையில் உதிர்ந்து கிடந்த மெழுகுத் துண்டை எடுத்துப் பார்த்தேன். மெட்டின் அடிப்பாகம் அதில் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. விளிம்பு, கீறல் எல்லாம். அளக்க முடியாத இடத்தில் இருக்கும் பொருளை, அச்சு எடுத்து வெளியே கொண்டுவந்து அளக்கலாமே! பாட்டியிடம் கேட்டு ஒரு சுண்டைக்காய் அளவு மெழுகை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் துவரங்குறிச்சியில் சித்தப்பா பட்டறை. நட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்து, மெழுகு ஒட்டாமல் இருக்க ஒரு துளி எண்ணெய் தொட்டு வைத்தார். கையில் உருட்டி இளக்கிய மெழுகை பென்சில் முனையில் வைத்து நட்டின் மேல் அமுக்கி, ஆறவிட்டு, மெல்ல இழுத்தோம். அழகான அறுகோணம். வெர்னியரில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே அளந்தால், ஒரு பக்கம் 6.9, இன்னொரு பக்கம் 7, மூன்றாவது பக்கம் 7. கால் அங்குலம் என்றால் 6.35 வந்திருக்கும். 5/16 என்றால் 7.94. சந்தேகமே இல்லை, 7 மி.மீ.

லேத்தில் சீவிய குழாய்

டூவீலர் பட்டறைகளில் 7 அதிகம் புழங்காத அளவு. ஆனால் 6-க்கு 7 என்று இரண்டு முனையும் அறுகோணமாக அடித்த குழாய் ஸ்பேனர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். திருச்சியில் 90 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். நட்டில் உட்காரவில்லை. பள்ளத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. பள்ளத்தின் அகலம் 10 மி.மீ., குழாயின் வெளிவட்டம் 11 மி.மீ.

மரத்தைச் செதுக்கிப் பள்ளத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். சித்தப்பா மறுத்துவிட்டார். "கம்பி இழுக்குற எடம் அதுதான். அங்க மரத்தக் கொறச்சா நாளைக்கு ஒடியும். ஸ்பேனரக் கொறப்போம்."

திருச்சிக்கு ஒரு பெருமை உண்டு. 1920-களில் கட்டிய பொன்மலை ரயில்வே பணிமனை, 1960-களில் வந்த பெல் தொழிற்சாலை, அவற்றைச் சுற்றி வளர்ந்த பட்டறைகள் என்று இரும்பைத் தெரிந்த கைகள் மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கின்றன. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜினையே செய்து அனுப்பிய ஊர் இது. அரியமங்கலம் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் சித்தப்பாவின் பழைய நண்பர் இருக்கிறார். ஸ்பேனரைக் கையில் வாங்கிப் பார்த்ததும் முதல் கேள்வி, "நட்டுக்கு மூலைக்கு மூலை எவ்வளவுண்ணே?"

நல்ல கேள்வி. பக்கத்துக்குப் பக்கம் 7 என்றால், மூலைக்கு மூலை 8 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். குழாயை 9.5-க்குச் சீவினால் மூலைகளில் முக்கால் மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அவ்வளவு மெல்லிய குழாயை லேத்தில் பிடித்தால் நசுங்கிவிடாதா? அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். 7 மி.மீ. எல்-என் கீ ஒன்றை அறுத்து, அந்தத் துண்டைக் குழாய்க்குள் தாங்கலாகச் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு லேத்தை ஓடவிட்டு, முடி முடியாகச் சீவினார். கால் மணி நேர வேலை. முனையில் குறுக்குக் கம்பி போட ஓட்டையும் போட்டுக்கொடுத்தார். "மெல்லிசா ஆயிருச்சு, முரட்டுத்தனமா திருகாதீங்க" என்று எச்சரித்தார். காசு வாங்கிக்கொண்டார், 150 ரூபாய்.

ஒரு நாளைக்குக் கால் சுற்று

முதலில் புதுக் கம்பிகள் மாட்டிச் சுருதி சேர்த்தோம். பழைய கம்பியின் இழுவிசைக்குச் சரிசெய்துவிட்டு, பிறகு வேறு தடிமனில் கம்பி மாற்றினால் செய்த வேலை வீணாகிவிடும். அதன் பிறகு கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஸ்பேனரை நுழைத்தார் சித்தப்பா. 'டக்' என்று நட்டில் உட்கார்ந்த சத்தம் எனக்கும் கேட்டது.

வலப்பக்கம் கால் சுற்று. அவ்வளவுதான். திரும்பச் சுருதி சேர்த்து, ஒரு இரவு விட்டுவிட வேண்டும். மரம் உடனே பேசாது, யோசித்துத்தான் பதில் சொல்லும். முதல் நாள் 1 மி.மீ. இடைவெளி 0.8 ஆனது. அடுத்த நாள் கால் சுற்று, 0.65. மூன்றாம் நாள் 0.5. நான்காம் நாள் 0.35-ல் நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல வேணாம். சித்திரை வெயில்ல என்ன பண்ணுதுன்னு பாத்துட்டுத் தொடுவோம்." அளவுக்கு மேல் இறுக்கினால் கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் சில கட்டைகளில் கம்பி உரசி 'கொர்ர்' என்று சத்தம் வரும். நட்டு முறுக்கு ஏறி நின்றுவிட்டால் மேற்கொண்டு பலம் போடுவதும் கூடாது. உள்ளே ராடே முறிந்துவிடும்.

கழுத்து நேரானதும், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்னத் துண்டுகளைக் கொஞ்சம் இறக்கினார். இந்த வரிசை முக்கியம். முதலில் ட்ரஸ் ராட், அடுத்து கம்பி உயரம், கடைசியில் சுரச் சுத்தம். மாற்றிச் செய்தால் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான்காம் நாள் இரவு பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய ஆம்ப்ளிஃபயரில் வயரைச் செருகினார். முதலில் தடித்த கம்பி மட்டும். பக்கத்து டீக்கடை கண்ணாடி கிளாஸ்கள் அதிர்ந்தன. பிறகு அவர் விரல்கள் எதையோ தேடுவது மாதிரி மேலும் கீழும் போய்வந்தன. கால் மணி நேரத்தில் எனக்கே அடையாளம் தெரிகிற ஒரு பாட்டின் பேஸ் வந்துவிட்டது. டீக்கடை அண்ணன் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்து, "மெக்கானிக்கு, நீயா?" என்றார்.

மிச்சம் இருந்தது கை

இதோடு முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். முழுவதும் அப்படி நடக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவர் நிறுத்தினார். இடது கைச் சுண்டுவிரல் நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போகவில்லை. நுனியில் கம்பி படுவதே தெரியவில்லை என்றார்.

ஆனால் இந்த முறை 'கை போச்சு' என்று சொல்லவில்லை. "கழுத்து சரியாயிருச்சு. இப்ப மிச்சம் இருக்குறது கைதான். அதயும் ஒருக்க அளந்து பாத்துருவோம்" என்றார்.

எத்தனையோ வருடங்களாக நாங்கள் சொல்லிச் சொல்லிப் போகாத மனிதர், அடுத்த திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனார். சர்க்கரை நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போகும், மூட்டுகளும் இறுகும். இது மருத்துவர்கள் எப்போதும் சொல்வதுதான். சித்தப்பாவுக்கு அது வெறும் சொல்லாகவே இருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாகக் 'கை' தலையில் போட்டுவிட்டதால், எதைச் சரிசெய்யலாம், எதைச் சரிசெய்ய முடியாது என்று பிரித்துப் பார்க்கவே அவருக்குத் தோன்றவில்லை. இப்போது மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். இரவில் அரை மணி நேரம் வாசிக்கிறார். சுண்டுவிரல் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது.

வயதாகிவிட்டது, முடியவில்லை, இனி அவ்வளவுதான் என்று நம் வீடுகளில் பலர் பல விஷயங்களைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். தையல் மெஷின், சைக்கிள், ஆர்மோனியம், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத புத்தகம். அதில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு அந்தப் பொருளுடையது என்று ஒருமுறையாவது பார்க்கலாம். எண்ணெய் போடாத தையல் மெஷினை மிதிக்க முடியாமல், மூட்டுவலி என்று ஒதுங்கிய அத்தைகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

உங்கள் வீட்டிலும் கிடார் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்தால், முதல் கட்டையையும் கடைசிக் கட்டையையும் அமுக்கி, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். கார்டு தொளதொளவென்று ஆடினால் தகட்டைக் கழற்றி உள்ளே என்ன நட்டு என்று பாருங்கள். அளவு உறுதியாகத் தெரியும்வரை எதையும் திருகாதீர்கள். கையில் அகப்பட்ட சாவி 'கிட்டத்தட்ட' பொருந்தினால் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்தக் கல்லூரி மாணவருக்கு நான்தான் பதில் அனுப்பினேன். "ட்ரஸ் ராட் நன்றாக வேலை செய்கிறது. அதனால் விற்கவில்லை."